அண்ணன் இறந்ததற்கு ஊரும் ஒரு காரணமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நான் ஒரு பள்ளி ஆசிரியை. சென்ற ஆண்டு என் அண்ணன் மாரடைப்பில் இறந்துவிட்டார். வயது 46. ஆலையில் இரவு ஷிஃப்ட் வேலை. ஒரு நாள் விடியற்காலையில் நெஞ்சை அடைக்கிறது என்றார். வாயுத் தொல்லையாக இருக்கும் என்று நினைத்தோம். கிளினிக் திறந்ததும் கூட்டிப்போனோம். ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மதியம் மறுபடியும் வலி. பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் நகரத்துக்கு இரண்டரை மணி நேரப் பயணம். போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. "சிகரெட்டை விடச் சொன்னால் கேட்டானா?" என்கிறார்கள் உறவினர்கள். "வலி வந்த உடனே கிளம்பியிருக்கலாமே" என்று அண்ணி இன்றும் தன்னையே நொந்துகொள்கிறார். நான் முன்பு நகரத்தில் வேலை பார்த்தபோது உடன் பணிபுரிந்த ஒருவருக்கும் ஏறக்குறைய இதே வயதில் இதே நோய் வந்தது. அவர் பிழைத்து வேலைக்கும் திரும்பிவிட்டார். எங்கள் பகுதியில் நடுவயது மரணங்கள் மற்ற பகுதிகளைவிட அதிகம் என்று செய்தித்தாளில் படித்தேன். ஒரு கூட்டத்தில் இதைக் கேட்டபோது, "இங்குள்ள மக்களுக்கு விழிப்புணர்வு போதாது" என்று பதில் சொன்னார்கள். அது சரியா? தவறு எங்கள் மேலா? என்னைப் போன்றவர் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

செய்தித்தாளில் வந்ததற்கும் கூட்டத்தில் சொன்னதற்கும் அப்புறம் வருகிறேன். முதலில் அண்ணியின் மனதை அரித்துக்கொண்டிருப்பதைப் பேசிவிடுவோம்.

மாரடைப்பு வலி எப்போதும் நெஞ்சின் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. மேல்வயிற்றில் எரிச்சலாக வரும், தாடையில் வரும், முதுகில் வரும், சிலருக்கு வெறும் வியர்வையும் களைப்புமாகவே வரும். இதை வாயு என்று வீட்டார் நினைப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. ஆளைப் பார்த்து, தொட்டுப் பார்த்து மட்டும் நிச்சயமாகச் சொல்ல அனுபவமுள்ள மருத்துவராலும் முடியாது. அதனால்தான் இந்த மாதிரி வலியோடு ஒருவர் வந்தால் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று இதய மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அந்தக் கிளினிக்கில் ஈசிஜி கருவி இருந்ததா, இருந்தும் எடுக்கவில்லையா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. எதுவாக இருந்தாலும், உங்களுக்கு எட்டிய தூரத்தில் இருந்த மருத்துவத்திடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். அதற்குப் பிறகு போன மணி நேரங்களை ஒரு குடும்பத்தின் கணக்கில் எழுதுவது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

சரி, விடியலிலிருந்து கிளினிக் திறக்கும் வரை காத்திருந்தோமே என்று அண்ணி கேட்கலாம். அதற்கும் பதில் உண்டு. பிரசவத்தில் இறக்கும் பெண்களைப் பற்றி 1994-ல் தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் எங்கள் துறையில் பாடமாக இருக்கிறது. தாமதம் மூன்று இடத்தில் நேர்கிறது என்றார்கள் அவர்கள்: ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில். பலரும் இதை மூன்று தனித்தனிப் படிகளாகப் படித்துவிட்டு, முதல் தாமதம் மக்களுடைய குற்றம், மற்ற இரண்டும் அரசாங்கத்தின் குற்றம் என்று பங்கு பிரித்துவிடுகிறார்கள். கட்டுரையை நிதானமாகப் படித்தால் அப்படிப் பிரிக்க முடியாது என்பது புரியும். போனால் டாக்டர் இருப்பாரா என்ற சந்தேகம், வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்ற குழப்பம், எவ்வளவு செலவாகுமோ என்ற பயம், போன தடவை அங்கே பட்ட அவமானம் எல்லாம் சேர்ந்துதான் வீட்டில் எடுக்கும் முடிவைத் தள்ளிப்போடுகின்றன. ராத்திரியில் கதவைத் தட்டினால் திறக்கும், திறந்தால் ஆளும் மருந்தும் இருக்கும் என்று பழகிய ஊரில் மக்கள் சீக்கிரம் கிளம்புகிறார்கள். கிளம்பிப் பயனில்லை என்று பல வருடமாகப் பார்த்த ஊரில் விடியட்டும் என்று இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அன்று எடுத்த முடிவை அண்ணி தனியாக எடுக்கவில்லை. அந்த ஊரின் பழைய அனுபவம் முழுவதும் அதில் இருந்தது. இதை அவரிடம் உட்கார்ந்து, பொறுமையாக, ஒரு தடவைக்கு மேலேயே சொல்லுங்கள்.

நீங்களாவது கிளினிக் வரை சீக்கிரம் போனீர்கள். இந்தியாவில் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளில் மாரடைப்போடும் அதன் முன்னறிகுறிகளோடும் சேர்ந்த 20,468 பேரைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனைக்கு வந்து சேர அவர்களில் பாதிப் பேருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இதயத் தசைக்கு ரத்தம் போகாமல் ஆறு மணி நேரம் என்றால், காப்பாற்றியிருக்கக்கூடிய தசையில் பெரும்பகுதி அதற்குள் போயிருக்கும்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான பதில் என்றே அதை எடுத்துக்கொள்ளலாம். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் வசதி படைத்தவர்களில் நூற்றுக்கு 5.5 பேர், ஏழைகளில் 8.2 பேர். ஏழைகள் அதிகம் புகைக்கிறார்கள், வேறு நோய்களோடு வருகிறார்கள், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று யாரும் சொல்லலாம் இல்லையா? ஆய்வாளர்கள் அந்தக் காரணங்களைக் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள். வித்தியாசம் அப்படியே நின்றது. அப்புறம், யாருக்கு என்ன சிகிச்சை கிடைத்தது என்பதைக் கணக்கில் கொண்டுவந்து பார்த்தார்கள். வித்தியாசம் காணாமல் போய்விட்டது. மருத்துவமனைக்குள் வந்து படுத்துவிட்ட பிறகும்கூட, ஏழைக்கும் வசதி உள்ளவருக்கும் இடையே இருந்த உயிர் இடைவெளியை உண்டாக்கியது சிகிச்சையில் இருந்த ஏற்றத்தாழ்வுதான்.

இன்னும் விரிவான படம் வேண்டுமானால் 2014-ல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வைச் சொல்லலாம். 17 நாடுகள், ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர். புகை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, உடற்பருமன் எல்லாம் சேர்த்து ஒவ்வொருவருக்கும் இதய நோய் அபாயம் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டார்கள். அபாயம் கூடுதலாக இருந்தது பணக்கார நாடுகளில். ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் வந்து இறந்தவர்கள் கூடுதலாக இருந்தது ஏழை நாடுகளில். இதய, ரத்தக்குழாய் நோய்த் தாக்குதல் ஏற்பட்டவர்களில் பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 6.5 பேர் இறந்தார்கள். ஏழை நாடுகளில் 17.3 பேர். கூட்டத்தில் உங்களுக்குப் பதில் சொன்னவர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விழிப்புணர்வு குறைவால்தான் மக்கள் சாகிறார்கள் என்றால், அபாயம் குறைவாக உள்ள இடத்தில் சாவு ஏன் கூடுகிறது?

உங்கள் சக ஊழியர் பிழைத்ததில் மாயம் எதுவும் இல்லை. அடைத்துக்கொண்ட குழாயைச் சில மணி நேரத்துக்குள் திறந்துவிட்டால் இதயம் பிழைக்கும். திறக்க இரண்டு வழி. ஆஞ்சியோபிளாஸ்டி, அதாவது குழாய்க்குள் பலூன் செலுத்தி அடைப்பைத் திறக்கும் வசதி உள்ள இடத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோக முடிந்தால் அதுவே சிறந்தது. முடியாவிட்டால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை இருக்கிற இடத்திலேயே போட்டுவிட்டு அனுப்ப வேண்டும். 1988-ல் 17,187 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், பழைய, மலிவான ஆஸ்பிரினும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற ஊசியும் சேர்ந்து ஐந்து வாரத்துக்குள் நேரும் இதய, ரத்தக்குழாய் மரணங்களை 42 சதவீதம் குறைத்தன. அந்தச் சோதனை முடிவு வந்தபோது உங்கள் அண்ணன் சிறுவனாக இருந்திருப்பார். அவர் வளர்ந்து, வேலைக்குப் போய், 46 வயதும் ஆன பிறகு அந்த ஊசி அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இந்த இடத்தில்தான். தெரியாத வைத்தியத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. தெரிந்த வைத்தியம் இரண்டரை மணி நேரத் தொலைவில் இருந்தது.

இனி சிகரெட். உறவினர்கள் சொல்வதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951-லிருந்து 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, விடாமல் புகைப்பவர்களில் குறைந்தது பாதிப் பேரை அந்தப் பழக்கமே கொல்கிறது என்று காட்டியது. அதே ஆய்வு, 50 வயதில் விட்டாலும் அபாயம் பாதியாகக் குறைகிறது, 30 வயதில் விட்டால் ஏறக்குறைய முழுவதும் தவிர்க்கப்படுகிறது என்றும் சொன்னது. உங்கள் வீட்டில் இன்னும் யாராவது புகைத்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஆனால் அண்ணனின் வாழ்க்கையில் சிகரெட் மட்டுமா இருந்தது? இரவு ஷிஃப்ட் இருந்தது. ஷிஃப்ட் முறையில் வேலை செய்பவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 23 சதவீதம் கூடுதல் என்று 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஷிஃப்டை அவர் விரும்பித் தேர்ந்தெடுத்தாரா, வேறு வேலை கிடைக்காததால் போனாரா? பகலில் தூங்கி இரவில் உழைக்கிறவருக்கு, காலையில் மட்டும் திறக்கும் புறநோயாளிப் பிரிவில் போய் பிபி பார்த்துக்கொள்ள எப்போது நேரம் கிடைக்கும்? ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும் என்றால் எத்தனை மாதம் போவார்? மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்து மறுபடி வரச் சொன்னால், எந்தக் கூலித் தொழிலாளியும் இரண்டாவது மாதத்தில் நிறுத்திவிடுவார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அலட்சியமாகத் தெரியும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று, வறுமை என்றே சொல்ல முடியாத ஒரு கூட்டத்திலிருந்து கிடைத்தது. லண்டனில் சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களை 1967-லிருந்து கவனித்தார்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, ஒரே நகரம், காசில்லாத அரசு மருத்துவம். பட்டினி கிடந்தவர் யாரும் இல்லை. இருந்தும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயில் இறப்பது உயர் அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகை, கொழுப்பு, ரத்தக் கொதிப்பு எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த வித்தியாசத்தில் பாதியைக்கூட விளக்க முடியவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே இருப்பவர், கீழே இருப்பவர் என்று இரண்டு குழுவாக அது பிரிந்திருக்கவில்லை. அதிகாரிக்கு அடுத்த படியில் இருந்தவருக்கு அவரைவிடக் கொஞ்சம் கூடுதல், அதற்கும் அடுத்த படியில் இருந்தவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் என்று படிப்படியாகக் கூடிக்கொண்டே போனது. தன் வேலை நாளில், தன் வாழ்க்கையில் எதையாவது தானே தீர்மானிக்க முடிகிறதா என்பதும் இதயத்தில் போய்ப் படிகிறது என்று அந்த ஆய்வின் அடுத்த கட்டங்கள் காட்டின. அதை நடத்தியவர்களில் ஒருவரான மைக்கேல் மார்மட்தான் பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் சமூகக் காரணிகள் ஆணையத்துக்குத் தலைமை வகித்தார். 2008-ல் வந்த அதன் அறிக்கையில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து எண்கள் இருக்கின்றன. கால்டன் என்ற ஏழைக் குடியிருப்பில் ஆண்களின் சராசரி ஆயுள் 54. சில கிலோமீட்டர் தள்ளி, லென்சி என்ற வசதியான பகுதியில் 82.

மண் அப்படி, ரத்தம் அப்படி, அந்த ஊர்க்காரர்களின் குணம் அப்படி என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஜெர்மனியைத்தான் சொல்வேன். ஒரே மக்கள், ஒரே மொழி. நாற்பது ஆண்டுகள் இரண்டு நாடுகளாகப் பிரிந்திருந்தார்கள். 1990-ல் மறுபடி சேர்ந்தபோது கிழக்கில் பெண்களின் சராசரி ஆயுள் மேற்கைவிட இரண்டு ஆண்டுக்கும் மேல் குறைந்திருந்தது. சேர்ந்த பிறகு ஓய்வூதியம் உயர்ந்தது, மருத்துவமனைகள் மேம்பட்டன. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் பெண்களிடம் அந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைந்தே போனது. ஆண்களிடம் குறைந்தது, முழுதாக மறையவில்லை. எண்பது வயதைக் கடந்தவர்களின் இறப்பு விகிதம்கூடக் குறைந்தது. ரத்தம் மாறவில்லை, சூழ்நிலை மாறியது.

எங்கள் துறையில் தடுக்கக்கூடிய மரணம் என்று சொல்வதற்கு ஒரு வரையறை இருக்கிறது. வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பும் ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகமும் சேர்ந்து போட்ட பட்டியலில், 75 வயதுக்குள் நேரும் மரணங்களை இரண்டாகப் பார்க்கிறார்கள். நோயே வராமல் செய்திருக்கக்கூடியவை ஒன்று, வந்த பின் தகுந்த சிகிச்சையால் காப்பாற்றியிருக்கக்கூடியவை இன்னொன்று. மாரடைப்பை எந்தப் பக்கம் போடுவது என்ற கேள்வி வந்தபோது, பாதியை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் போட்டார்கள். உறவினர்கள் ஒரு பாதியைத்தான் பேசுகிறார்கள். அந்தப் பாதிக்குள்ளும் ஷிஃப்டும் கூலியும் கிடக்கின்றன.

தடுக்கக்கூடியது என்பதற்கு வேறு ஆதாரமே தேவையில்லை, இன்னொரு பகுதி தடுத்திருக்கிறது என்பதே போதும். இந்தியாவில் 2018–20 காலக் கணக்கின்படி ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு அசாமில் 195 தாய்மார்கள் இறந்தார்கள், கேரளத்தில் 19 பேர். பத்து மடங்கு. இரண்டும் ஒரே நாடு, ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தும் ஒன்றுதான். அந்த மருந்து ஒரு பெண்ணின் கைக்கு வந்து சேரும் வழியில் அவளுடைய படிப்பு, திருமண வயது, சாலை, செவிலியர், வீட்டில் அவள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு என்று எத்தனையோ நிற்கின்றன.

வசதி எங்கே குவிகிறது என்பதற்கும் ஒரு விதி இருக்கிறது. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கக் கிராமம் ஒன்றில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-ல் எழுதினார்: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவைப்படுகிறதோ அங்கே அது குறைவாகவே கிடைக்கிறது, மருத்துவத்தைச் சந்தையிடம் விட்டுவிட்டால் இந்தப் போக்கு இன்னும் தீவிரமாகும். மருத்துவர் எங்கே குடியேறுவார் என்று யோசித்தாலே இது புரியும். தன் பிள்ளைக்கு நல்ல பள்ளி, துணைவருக்கு வேலை, தனக்கு வருமானம் உள்ள இடத்துக்குப் போவார். அவரைத் திட்டிப் பயனில்லை. அந்தப் போக்கை எதிர்த்து வேலை செய்ய வேண்டியது அரசின் பொறுப்பு.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

பின்லாந்தின் கிழக்கு மூலையில் வடக்கு கரேலியா என்ற மாகாணம். காடும் பால் பண்ணையுமாக வாழ்ந்த, அதிக வசதியில்லாத மக்கள். 1960-களில் நடுவயது ஆண்கள் இதய நோயில் இறப்பது உலகிலேயே மிக மோசமாக இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. நடுவயதில் தகப்பனை இழந்த வீடுகள் அங்கே நிறைய. 1971 ஜனவரியில் அந்த மக்களின் பிரதிநிதிகள் ஒன்றுகூடி, எங்கள் மாகாணத்தில் ஏன் இவ்வளவு பேர் சாகிறார்கள், இதற்கு ஏதாவது செய்யுங்கள் என்று தேசிய அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தார்கள். தொடக்கம் அந்த மனுதான். 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் ஒரு திட்டம் ஆரம்பமானது.

அவர்களும் விழிப்புணர்வில்தான் தொடங்கினார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். வெண்ணெயைக் குறைக்கச் சொன்னால் பால் பண்ணைக்காரர் எப்படிப் பிழைப்பார் என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. பின்னாளில், அந்தக் குளிரில் நன்றாக விளையும் பெர்ரிப் பழங்களைப் பயிரிட விவசாயிகளுக்கு உதவும் ஒரு தனித் திட்டமே கொண்டுவந்தார்கள். கொழுப்புக் குறைந்த பால் கடைகளில் கிடைக்கும்படி செய்தார்கள். தொத்திறைச்சி செய்யும் ஆலையிடம் பேசி உப்பையும் கொழுப்பையும் குறைக்க வைத்தார்கள். ரத்தக் கொதிப்பைக் கண்டுபிடித்துத் தொடர்ந்து கவனிக்கச் செவிலியர்களைப் பழக்கினார்கள். பெண்கள் அமைப்புகள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு மாற்றுச் சமையலைச் செய்து காட்டின. 1976-ல் நாடு முழுவதற்குமான புகையிலைச் சட்டம் வந்தது. சுமார் நாற்பது ஆண்டுகளில் வடக்கு கரேலியாவின் உழைக்கும் வயது ஆண்களிடம் இதய நோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. விழிப்புணர்வு போதாது என்று உங்களிடம் சொன்னவரிடம் இதைக் கேளுங்கள்: தெரிந்துகொண்ட மக்கள் அதன்படி நடக்க முடிகிற மாதிரி கடையில், பண்ணையில், ஆலையில், செவிலியர் பணியில் எதை மாற்றியிருக்கிறீர்கள்?

கேட்பதற்கு முன் எண்களைக் கொஞ்சம் சோதித்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் முதல் பதிலிலேயே உங்களை உட்கார வைத்துவிடுவார்கள். இளைஞர்கள் வேலை தேடி வெளியேறிய பகுதியில் முதியவர்கள் அதிகம் இருப்பார்கள், அங்கே மரணமும் அதிகமாகத்தான் தெரியும். ஆகவே வயது வேறுபாட்டைச் சரிசெய்த விகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். இறந்த இடத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பெரிய ஆஸ்பத்திரி உள்ள நகரத்தில் சாவு கூடியதுபோலவும், உங்கள் ஊரில் குறைந்ததுபோலவும் காட்டும். உங்கள் அண்ணன்கூட நகரத்துக் கணக்கில் போயிருக்கலாம். வசித்த இடத்தை வைத்த கணக்கைக் கேளுங்கள். ஒரு சிற்றூரில் ஒரு வருடம் மூன்று பேர், மறு வருடம் ஆறு பேர் என்றால் அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய முடியாது, ஐந்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். மரணத்துக்கான காரணத்தை எழுதியது யார் என்பதும் முக்கியம். இந்தியாவில் 2020-ல் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணத்தைச் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். அப்புறம், மாவட்டச் சராசரிக்குள்ளேயே ஒரு கால்டனும் ஒரு லென்சியும் இருக்கும். எந்தத் தெரு, எந்தச் சமூகம், என்ன வேலை என்று பிரித்துப் பார்க்காத சராசரியை நம்பிவிடாதீர்கள்.

அடுத்து, கேள்விகளைச் சின்னதாக, பதிலைச் சரிபார்க்க முடிகிற மாதிரி வையுங்கள். சுகாதாரத்தை மேம்படுத்துங்கள் என்று மனு எழுதினால் ஆவன செய்யப்படும் என்று பதில் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு ஈசிஜி எடுக்கக்கூடிய மிக அருகிலுள்ள இடம் எது? எடுத்தால் அதைப் படித்துச் சொல்ல யார் இருக்கிறார்? ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி அங்கே இன்று கையிருப்பில் உள்ளதா, கடந்த ஒரு வருடத்தில் எத்தனை பேருக்குப் போட்டார்கள்? ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் நம் ஊருக்கு வர எவ்வளவு நேரமாகிறது? பிபி, சர்க்கரை மாத்திரையை மாதம் முழுவதற்கும் ஒரே தடவையில் தருகிறார்களா? ஆலைத் தொழிலாளர்களுக்கு ஷிஃப்ட் முடியும் நேரத்தில் பரிசோதனை உண்டா? இவை ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்றோ ஓர் எண்ணாகவோ பதில் சொல்லியாக வேண்டும்.

இதெல்லாம் நம் பகுதியில் நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால், தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு முயற்சியைக் காட்டுங்கள். சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையத்தோடு இணைத்தார்கள். சிறிய இடத்தில் எடுத்த ஈசிஜி தொலைவிலிருந்தே பார்க்கப்பட்டது. தேவைப்பட்டால் அங்கேயே ஊசி, பிறகு பெரிய இடத்துக்கு மாற்றம். 2,420 நோயாளிகளைப் பற்றிய அதன் முடிவுகள் 2017-ல் வெளிவந்தன. ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். புதிய மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. இருந்த இடங்களை ஒன்றோடொன்று பேச வைத்தார்கள்.

மரண ஆய்வையும் கேளுங்கள். தாய் இறப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, யாருடைய பெயரையும் வெளியிடாமல், யாரையும் தண்டிக்கும் நோக்கமில்லாமல், எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று ஆராயும் முறை இங்கிலாந்தில் 1952-லிருந்து இருக்கிறது. கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்கள் 2004-ல் இதே மாதிரி தொடங்கினார்கள். தாய்மாருக்குச் செய்வதை 50 வயதுக்குள் மாரடைப்பில் இறப்பவர்களுக்கும் செய்யலாம். தண்டனை இல்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் பயம் வந்துவிட்டால் மருத்துவமனை காகிதங்களை மூடிவிடும். உங்கள் அண்ணனுக்கு ஊசி போட்டு அனுப்பிய கிளினிக்கிலும் நான் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது, அவர்களிடம் ஈசிஜி இருந்ததா, சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஒரு தொலைபேசி எண் இருந்ததா என்பதைத்தான். நீங்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். இதே மாதிரி ஒருவரை இழந்த வீடுகள் உங்கள் பகுதியில் இன்னும் இருக்கும். உங்கள் வகுப்பிலேயே சில பிள்ளைகளின் அப்பாக்கள் இல்லாமல் இருக்கலாம். ஆசிரியை கூப்பிட்டால் தாய்மார்கள் வருவார்கள். பத்து வீட்டார், வலி வந்த நேரம், கிளம்பிய நேரம், போன இடங்கள், அங்கே என்ன செய்தார்கள் என்று தேதியோடு எழுதி வைத்தாலே அது எந்த அதிகாரியும் தள்ளிவைக்க முடியாத ஆவணம்.

கடைசியாக உங்கள் குடும்பத்துக்கு. தகப்பனோ கூடப்பிறந்த சகோதரனோ 55 வயதுக்கு முன் இதய நோய்க்கு ஆளானால், மற்றவர்களுக்கும் அபாயம் கூடுதல் என்று கணக்கில் கொள்வோம். ஆகவே நீங்களும், உடன்பிறந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களும் பிபி, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இந்த மாதமே பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனின் பிள்ளைகள் பெரியவர்களானதும் பார்க்க வேண்டும். பிள்ளைகளில் யாருக்காவது கெட்ட கொழுப்பு மிக அதிகமாக இருந்தால் அது பரம்பரையாக வருவதா என்று மருத்துவரிடம் கேளுங்கள், அதற்கு இள வயதிலேயே சிகிச்சை தொடங்க வேண்டியிருக்கும். இனி வீட்டில் யாருக்காவது நெஞ்சில் அழுத்தமோ, வியர்வையோடு மேல்வயிற்று வலியோ வந்து பத்து பதினைந்து நிமிடத்தில் போகாவிட்டால், முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக் கசிவுப் பிரச்சினையோ இல்லாதவர் என்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லுங்கள். அவரை நடக்க விடாதீர்கள். ஈசிஜி எடுக்கும் இடத்துக்கு நேராகப் போங்கள், போய் இறங்கியதும் ஈசிஜி எடுங்கள் என்று நீங்களே கேளுங்கள். ஒரு ஈசிஜி சரியாக இருந்தாலும் வலி நிற்காவிட்டால் இன்னொன்று எடுக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மனு எழுதும்போது வரைவை எனக்கு அனுப்புங்கள். எந்த எண்ணை எந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.